அப்பா பிறந்தபோது தாத்தாவுக்கு வயது அறுபது

கேள்வி: ஐயா, எனக்கு வயது 41. சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். இப்போது கோவையில் இருக்கிறேன். சென்ற வருடம் அப்பா காலமானார். அவருடைய தகரப்பெட்டியில் 1896-ல் எழுதிய ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம், 1944-ல் தாத்தா எழுதிய செட்டில்மென்ட் பத்திரம், முதல் தாள் கிழிந்துபோன ஒரு ஜாதக நோட்டு, மூன்றும் இருந்தன. அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி 1-6-1941. ஆனால் 1896 பத்திரத்திலேயே தாத்தாவின் பெயர் இருக்கிறது! தாத்தாவின் முதல் தாரம் 1918 விஷக்காய்ச்சலில் போய்விட்டதாகச் சொல்வார்கள். அந்த அம்மாவின் மகன், எங்கள் பெரியப்பா, 1906-ல் பிறந்தவர். என் பாட்டி 1939-ல் இரண்டாந்தாரமாக வந்தவர். 1998-ல் தன் 78-வது வயதில் இறந்தார். பெரியப்பாவின் பேரன் என்னைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவர், ஆனாலும் என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவார். "கணக்கு உதைக்குது அத்தை. நடுவுல ஒரு தலைமுறை விட்டுப்போயிருக்கு. இல்லேன்னா வேற ஏதோ இருக்கு" என்று ஒரு விசேஷ வீட்டில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அப்பா தன் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் யாருடைய பிள்ளை? டி.என்.ஏ. சோதனை செய்து பார்க்கலாமா? அவ்வளவு வயதானவருக்குப் பிறந்ததால் எங்கள் வம்சத்துக்கு உடம்பில் ஏதாவது வருமா? பத்திரங்களையும் ஜாதகக் கட்டத்தையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்குத் தூக்கம் வரவேண்டும் என்பதால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய காகிதங்களை இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். உங்கள் அப்பா உங்கள் தாத்தாவின் பிள்ளைதான். தலைமுறை எதுவும் விட்டுப்போகவில்லை. அதற்கான சான்று உங்கள் கையிலேயே இருக்கிறது. அதில் ஒரு கையெழுத்தை நீங்கள் கவனிக்கவில்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் 34 வருடமாக சிவில் வழக்குகள் நடத்துகிறவன். சொத்து வழக்கு என்றால் பாதி வேலை வம்சாவளி போடுவதுதான். யார் யாருக்குப் பிள்ளை, யார் முந்தி இறந்தார், எந்த வருடம் யார் மைனர் என்று கட்டம் போட்டுப் போட்டு, பெரிய வயதில் தகப்பனான எத்தனையோ பேரை நான் காகிதத்தில் சந்தித்திருக்கிறேன். அவர்களில் நிஜமாகவே பெரிய வயதில் தகப்பனானவர்கள் உண்டு. இரண்டு மனிதர்களை நாம் ஒருவராக எண்ணிவிட்டதால் கிழவராகிப்போனவர்களும் உண்டு. அதனால் முதலில் தாத்தா ஒருவர்தானா என்று பார்க்க வேண்டும். அவருடைய பிள்ளை யார் என்பது அதற்குப் பிறகு.

பெயர்களை மாற்றிக்கொள்கிறேன். தாத்தா ராமசாமி, அவருடைய அப்பா வைத்திலிங்கம் என்று வைத்துக்கொள்வோம். பெரியப்பாவுக்கும் தாத்தாவின் அப்பா பெயர்தான், வைத்திலிங்கம். நம் வீடுகளில் பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது வழக்கம். பெயரன் என்ற சொல்லே அப்படி வந்ததுதான். அப்படியானால் வைத்திலிங்கம் மகன் ராமசாமி என்ற ஆள் 1896-லும் இருப்பார், ஐம்பது வருடம் கழித்தும் இருப்பார், இருவரும் தாத்தாவும் பேரனுமாக. காகிதத்தில் இரண்டுக்கும் எழுத்து வித்தியாசம்கூட இருக்காது. உங்கள் அண்ணன் மகன் சந்தேகப்படுவது இந்த இடத்தில்தான். இது நியாயமான சந்தேகம், அதற்காக அவர்மேல் கோபம் வேண்டாம். அதற்குப் பிறகு "வேற ஏதோ இருக்கு" என்றாரே, அந்தப் பேச்சுதான் கூடாது.

சரி, 1896 பத்திரத்துக்கு வருவோம். அதில் தாத்தாவின் பெயருக்கு முன்னால் "மைனர்" என்று இருக்கிறது. அடுத்து வயது என்று எழுதிய இடத்தில் "யரு" என்று ஏதோ இருக்கிறது, புரியவில்லை என்று பென்சிலால் குறித்திருக்கிறீர்கள். அது எழுத்து இல்லை, எண். தமிழ் எண்ணில் பத்து என்பது ௰, பார்ப்பதற்கு ய மாதிரி இருக்கும். ஐந்து என்பது ௫, ரு மாதிரி இருக்கும். ௰௫ என்றால் 15. அதே வரியில் மேலே ௵ என்று ஒரு சுழிப்பு வருகிறதே, அது வருஷம். ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி. இந்த நாலைந்து குறிகளைப் பழகிக்கொண்டால் பழைய பத்திரம் பாதி வாசித்த மாதிரி. ஆக, துன்முகி வருஷமான 1896-ல் ராமசாமிக்கு வயது 15. தகப்பனார் இல்லை. "மைனர் ராமசாமிக்காக கார்டியனும் தாயாருமான" என்று அவருடைய அம்மா கைநாட்டு வைத்திருக்கிறார். அந்தக் காலத்து வயதில் ஒன்றிரண்டு முன்பின் இருக்கும். ஆனாலும் 15 வயதுப் பையன் என்றால் 1881-ஐ ஒட்டிப் பிறந்திருக்க வேண்டும்.

இப்போது 1944 பத்திரம். அதை எழுதிக்கொடுத்தவரும் வைத்திலிங்கம் மகன் ராமசாமிதான். இது அதே ஆளா, அவர் பேரனா? வெறும் கணக்கை வைத்துப் பேரன் என்று சொல்வதற்கும் இடம் இருக்கிறது. 1881, 1900, 1919 என்று ஒவ்வொருவரும் 19 வயதிலேயே தகப்பனாகியிருந்தால், 1941-ல் ஒரு பேரன் ராமசாமிக்குக் குழந்தை பிறந்திருக்கலாம். இழுத்துப் பிடித்த கணக்குதான், ஆனாலும் நடக்காது என்று தள்ளிவிட முடியாது. ஆனால் பெரியப்பா பிறந்தது 1906. அவர் பிள்ளைகள் எல்லாரையும் உங்களுக்குத் தெரியும், மூத்தவர் பிறந்தது 1932 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 1941-ல் அந்தப் பையனுக்கு ஒன்பது வயது. தாத்தாவுக்கு வேறு மகன் இருந்ததாக எந்தக் காகிதமும் சொல்லவில்லை. அதோடு பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தில், சொத்து எப்படி வந்தது என்று சொல்லும் இடத்தைப் பாருங்கள். "துன்முகி வருஷம் என் சிற்றப்பாவுக்கும் எனக்கும் ஏற்பட்ட பாகப்பிரிவினையில் என் பாகத்துக்குக் கிடைத்து நாளது வரை என் சுவாதீன அனுபவத்தில் இருந்துவருகிற நஞ்சை" என்கிறது. என் பாகத்துக்கு என்கிறார். பேரன் எழுதியிருந்தால் "என் பாட்டனாருக்குக் கிடைத்து" என்றுதான் எழுதியிருப்பான். பத்திரம் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் மட்டும் தப்புவிட மாட்டார்கள், இது சொத்தின் பிறப்புச் சான்றிதழ் மாதிரி. 1896-ல் அம்மாவின் கைநாட்டுக்குப் பின்னால் நின்ற பையனும் 1944-ல் கையெழுத்துப் போட்ட பெரியவரும் ஒருவரே.

அடுத்து ஜாதகம். முதல் தாள் கிழிந்துவிட்டதால் யாருடையது என்று தெரியவில்லை. "விஷு வருஷம் வைகாசி மாதம் 7" என்று மட்டும் இருக்கிறது. காகிதம் பழையதாக இருப்பதால் தாத்தாவுடையது என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ் வருடப் பெயர் அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். விஷு 1881-லும் வந்தது, 1941-லும் வந்தது, 2001-லும் வந்தது. ஆகவே அந்த ஜாதகம் தாத்தாவுக்கும் பொருந்தும், அப்பாவுக்கும் பொருந்தும். குடும்ப வரலாறு தேடுகிறவர்களை அதிகம் ஏமாற்றுவது இந்த அறுபதுதான். அறுபது வருடத்தைத் தவறாகக் கூட்டி, இருபது வயதுத் தகப்பனை எண்பது வயதுத் தகப்பனாக்கிய வம்சாவளிகளைப் பார்த்திருக்கிறேன்.

இதைப் பிரிக்க ஒரு வழி இருக்கிறது. குரு ராசிச் சக்கரத்தைச் சுற்ற ஏறக்குறைய 12 வருடம், சனிக்கு ஏறக்குறைய 30 வருடம். அதனால் அறுபது வருடம் கழித்து இருவரும் கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே வந்துவிடுவார்கள். சூரியன் மாதத்தைப் பொறுத்தது, அதுவும் மாறாது. ஆனால் ராகுவும் கேதுவும் ஒரு சுற்றுக்குப் பதினெட்டரை வருடத்துக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொள்வார்கள். அறுபதில் அது சரியாக வகுபடாது, மூன்று சுற்றுக்கு மேலே கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சும். எனவே ராகு நிற்கும் இடம் மட்டும் மாறிவிடும். 1881 வைகாசியில் ராகு விருச்சிகத்தில் இருந்தார். 1941 வைகாசியில் கன்னியில். நீங்கள் அனுப்பிய கட்டத்தில் ராகு கன்னியில், கேது மீனத்தில். ஆக அது உங்கள் அப்பாவின் ஜாதகம். ஜாதகத்தில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம், எனக்கு அது தேதி போட்ட ஒரு காகிதம். வைகாசி 7 என்றால் மே மூன்றாவது வாரம். பள்ளியில் ஜூன் 1 என்று எழுதியது வாத்தியார் வேலையாக இருக்கலாம். அந்தக் காலத்தில் கையைத் தலைக்கு மேலே வளைத்து மறுபக்கக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று சேர்த்துக்கொண்டு, ஜூனில் ஒரு தேதி போட்டுவிடுவார்கள். இங்கே இரண்டு வாரத்துக்கும் குறைவான வித்தியாசம்தான், அதனால் 1941 உறுதி.

(கன்னியாகுமரி மாவட்டம், செங்கோட்டைப் பக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். அதோடு 825-ஐக் கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில வருடம் வரும், மாதத்தைப் பொறுத்துச் சிலசமயம் 824.)

ஆக, தாத்தா 1881 வாக்கில் பிறந்தவர், அப்பா 1941. வித்தியாசம் அறுபது. வேறு வீடுகளில் பிள்ளைகள் அறுபதாம் கல்யாணம் செய்துவைக்கிற வயதில், உங்கள் வீட்டில் தொட்டில் கட்டியிருக்கிறார்கள்.

அது முடியுமா என்று கேட்டால், முடியும். பெண்ணுக்கு மாதவிலக்கு நிற்பது போல ஆணுக்கு ஒரு முடிவு கிடையாது. வயதாக ஆகக் குறையும், ஆனால் அடியோடு நிற்பதில்லை. உலகம் அறிந்த ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவின் பத்தாவது ஜனாதிபதி ஜான் டைலர் 1790-ல் பிறந்தவர், அதாவது திப்பு சுல்தானோடு மூன்றாம் மைசூர்ப் போர் தொடங்கிய வருடம். அவருடைய மகன் லயன் 1853-ல் பிறந்தபோது டைலருக்கு 63 வயது. அந்த லயனுக்கு 75 வயதில், 1928-ல், ஹாரிசன் என்று ஒரு மகன். இந்த ஹாரிசன் டைலர் இறந்தது 2025 மே மாதம். 18-ஆம் நூற்றாண்டில் பிறந்தவரின் சொந்தப் பேரன், மகன் வயிற்றுப் பேரன், நேற்றுவரை உயிரோடு இருந்தார். இன்னொன்று, அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்தது. அந்தப் போரில் சண்டையிட்ட மோஸ் டிரிப்லெட் என்பவருக்கு 83 வயதில், 1930-ல், ஐரீன் என்று ஒரு மகள் பிறந்தாள். தகப்பனின் போர்ப் பணிக்காக அந்த அம்மாவுக்கு மாதம் 73 டாலர் 13 சென்ட் பென்ஷன் 2020-ல் அவர் இறக்கும்வரை வந்துகொண்டிருந்தது. இரண்டு குடும்பத்திலும் நடந்தது உங்கள் வீட்டில் நடந்ததுதான். முதல் மனைவி காலமாகி, வயதில் மிகச் சிறிய பெண்ணோடு இரண்டாம் திருமணம்.

உங்கள் அண்ணன் மகனுக்குக் கணக்கு உதைப்பது ஏன் என்றும் இதிலேயே தெரிகிறது. அவர் வழியில் 1881-ல் தாத்தா, 1906-ல் மகன், 1932-ல் பேரன், பிறகு இவர், இப்போது இவர் பிள்ளைகளும் பெரியவர்கள். உங்கள் வழியில் 1881, 1941, அப்புறம் நீங்கள். உங்களைப் பெறும்போது உங்கள் அப்பாவுக்கும் வயது 43 ஆகிவிட்டது. அவர்கள் மூன்று நான்கு படி ஏறிய காலத்தில் நீங்கள் இரண்டே படிதான் ஏறியிருக்கிறீர்கள். நடுவில் படி உடைந்ததாக அவருக்குத் தோன்றுகிறது, உங்கள் படி உயரம், அவ்வளவுதான். 1932-ல் பிறந்த அண்ணன் தன்னைவிட ஒன்பது வயது சிறியவரான உங்கள் அப்பாவை "சித்தப்பா" என்று கூப்பிட்டார் என்றும், இருவரும் சேர்ந்து குளத்தில் குதிப்பார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். தன் வீட்டுப் பிள்ளை இல்லை என்று நினைக்கிற குடும்பம், ஒன்பது வயது மூத்த பையனை ஒரு சின்னக் குழந்தையை சித்தப்பா என்று கூப்பிடப் பழக்கியிருக்குமா?

டி.என்.ஏ. பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம் என்பது என் கருத்து, காரணத்தையும் சொல்கிறேன். உங்கள் தம்பியிடமும் பெரியப்பா பேரனிடமும் ஒய் குரோமோசோம் சோதனை எடுத்தால், இருவரும் ஒரே ஆண் வழி என்று வரும். அது தாத்தா வழியாக வந்ததா, அதே வீட்டின் வேறு ஆண் வழியாக வந்ததா என்று அந்தச் சோதனை சொல்லாது. மற்ற டி.என்.ஏ. சோதனையில் உங்களுக்கும் பெரியப்பா பேரனுக்கும் பொதுவாக இருக்க வேண்டிய மரபணுப் பங்கு சராசரியாக 3 சதவீதம் போலத்தான். பாட்டி தாத்தாவுக்கு தூரத்து உறவு என்கிறீர்கள். அக்காள் மகள், மாமன் மகள், அத்தை மகன் என்று தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே கொடுத்து வாங்கிய குடும்பங்களில் இந்தச் சதவீதம் தாறுமாறாக ஏறும். வெளிநாட்டுக் குடும்பங்களை வைத்துச் செய்த கணிப்பு நம் வீட்டுக்குப் பொருந்தாமல் போய், இல்லாத சந்தேகத்தைக் கிளப்பிவிடும். சட்டத்துக்கும் அது தேவையில்லை. கல்யாணம் நிலைத்திருக்கும்போது பிறந்த பிள்ளை கணவனின் பிள்ளையே என்று 1872 சாட்சியச் சட்டத்தின் 112-வது பிரிவு சொன்னது, இப்போதைய சட்டத்தில் அது 116-வது பிரிவு. கரு உண்டாகியிருக்கக்கூடிய காலத்தில் கணவனும் மனைவியும் சேர வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தால் ஒழிய அதை அசைக்க முடியாது.

உடல்நலம் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை. தகப்பனின் வயது ஒவ்வொரு வருடம் ஏறும்போதும் குழந்தைக்குப் புதிதாக வரும் மரபணு மாற்றங்கள் ஏறக்குறைய இரண்டு கூடுகின்றன என்று 2012-ல் ஐஸ்லாந்தில் கண்டுபிடித்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஒன்றும் செய்வதில்லை. உங்கள் அப்பா எண்பதைத் தாண்டி, கடைசிவரை தானே சைக்கிளில் கடைக்குப் போய் வந்தவர். குறிப்பாக ஏதாவது பயம் இருந்தால் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், தாத்தா வயதை நினைத்து மட்டும் பயப்பட வேண்டாம்.

இனி, எனக்கு இதில் முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். எல்லாரும் தாத்தாவின் வயதையே பேசுகிறீர்கள். பாட்டியின் வயதை யாரும் எண்ணவில்லை. 1920-ல் பிறந்தவர். 1939-ல் கல்யாணம் ஆனபோது 19, மாப்பிள்ளைக்கு 58. தாத்தா 1946-ல் இறந்தபோது பாட்டிக்கு 26. அதற்குப் பிறகு 52 வருடம். "வேற ஏதோ இருக்கு" என்று சபையில் விழுந்த சொல் தாத்தாவின்மேல் விழவில்லை, இந்த அம்மாவின்மேல் விழுந்தது. பதில் சொல்ல அவர் இல்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் இரண்டாந்தாரம் அபூர்வமில்லை. பிரசவத்தில் போன பெண்கள் எத்தனையோ பேர். 1918 விஷக்காய்ச்சலில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேல் மாண்டார்கள், அதில் இளவயதுப் பெண்கள் அதிகம். பெண்டாட்டியை இழந்த ஆண் மறுபடி கட்டிக்கொள்வான், சீர்வரிசைக்கு வழியில்லாத வீட்டுப் பெண் அங்கே போவாள். பெண்ணுக்குக் குறைந்தபட்சம் 14 வயது என்ற சாரதா சட்டம் 1930 ஏப்ரலில் வந்துவிட்டது, ஆனால் மாப்பிள்ளைக்கு அதிகபட்ச வயது என்று எந்தச் சட்டமும் இல்லை. உங்கள் பாட்டியை யாராவது சம்மதமா என்று கேட்டிருப்பார்களா? கேட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை.

ஆனால் 1944 பத்திரத்தில் தாத்தா செய்ததையும் பாருங்கள். "எனக்கு வயதேறிவிட்டபடியாலும் சரீரம் திடமில்லாதபடியாலும்" என்று தொடங்குகிறார். "என் இளைய சம்சாரத்தின் வயிற்றில் பிறந்த என் குமாரன் மைனர், வயது 3" என்று பிள்ளையைத் தன் வாயால் சொல்கிறார். நிலத்தைப் பையனுக்கு வைத்து, "உன் தாயார் அவள் ஜீவதசை வரையில் வருமானத்தை அனுபவித்துக்கொண்டு" என்று பாட்டிக்கு ஆயுள் பாத்தியதை எழுதுகிறார். இது சாதாரண விஷயம் இல்லை. விதவைக்குக் கணவன் சொத்தில் பங்கு தந்த 1937 சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது என்று 1941-ல் ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. மதராஸ் மாகாணத்தில் நிலத்துக்கும் சேர்த்து அதை நீட்டித்தது 1947-ல்தான். அதாவது தாத்தா ஒன்றும் எழுதாமல் கண்ணை மூடியிருந்தால், 26 வயதுப் பாட்டி ஜீவனாம்சத்துக்காக மூத்தாள் மகன் வீட்டு வாசலில் நின்றிருக்க வேண்டும். அது தெரிந்து எழுதியிருக்கிறார். தன் 15 வயதிலேயே அப்பா இல்லாமல், சொத்து சிற்றப்பாவோடு பாகமானபோது மைனராக நின்றவர் அவர். மூன்று வயதுப் பையனை அப்படி விட்டுப்போகக்கூடாது என்று நினைத்திருக்கலாம்.

உங்கள் அப்பா தன் அப்பாவைப் பற்றிப் பேசாததற்கும் வேறு காரணம் தேட வேண்டாம். தாத்தா இறக்கும்போது அவருக்கு ஐந்து வயது. அவரிடம் சொல்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது. பெரிய வயதில் பிறந்த பிள்ளைகளிடம் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருமுறை 70 வயதுக் கட்சிக்காரர் ஒருவரிடம், "அப்பா எப்படி இருப்பார்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மூக்குப்பொடி வாசனை மட்டும் தெரியும் சார்" என்றார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் கிடையாது.

அதனால் தாத்தாவைத் தேட வேண்டுமென்றால் பாட்டி பக்கமாகப் போங்கள். பாட்டியின் கடைசித் தங்கை நீடாமங்கலத்தில் இருக்கிறார், தொண்ணூறு தாண்டிவிட்டது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இந்த வாரமே அங்கே போங்கள். அக்கா கல்யாணத்தில் அவருக்கு ஏழெட்டு வயது இருந்திருக்கும், அந்த வயதுக் குழந்தைக்குக் கல்யாண வீடு நன்றாக நினைவிருக்கும். யார் பெண் கேட்டு வந்தார்கள், கல்யாணம் எங்கே நடந்தது, மாப்பிள்ளையை அக்கா என்னவென்று குறிப்பிடுவாள், குழந்தை பிறந்த சேதி வந்தபோது வீட்டில் என்ன சொன்னார்கள், இப்படிக் கேளுங்கள். சந்தேகத்தை அவர் காதில் போட வேண்டாம். செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அப்புறம் பிறப்புப் பதிவேடு. அப்போது கிராம முன்சீப்தான் எழுதுவார். 1941 மே மாதத்தில் அப்பாவின் பெயரைத் தேடாதீர்கள், கிடைக்காது. பெயர் வைப்பதற்கு முன்பே பதிந்துவிடுவதால் "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கும். தாத்தாவின் பெயரை வைத்துத் தேடுங்கள். தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்துக் கேட்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பெயர்வாரி அட்டவணை உண்டு, அதில் 1938-லிருந்து 1940 வரை பாட்டியின் பெயரைப் பார்க்கச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட கல்யாணங்களில் பெண் வீட்டார் கேட்டு, தாலி கட்டுவதற்கு முன்பே பெண் பெயருக்குக் கொஞ்சம் நிலம் எழுதி வாங்குவது உண்டு. அப்படி ஒன்று இருந்தால் பாட்டியின் அப்பா எப்படிப்பட்டவர் என்று அதில் தெரியும்.

இப்போது அந்தக் கையெழுத்து. 1944 பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் சாட்சிகள் மூன்று பேர். முதல் இருவர் ஊர்க்காரர்கள். மூன்றாவது சாட்சியைப் பாருங்கள், மை கொஞ்சம் கலைந்திருக்கிறது. "ரா. வைத்திலிங்கம்" என்று இருக்கிறது. உங்கள் பெரியப்பா. அப்போது அவருக்கு 38 வயது. இது பூர்வீகச் சொத்து. அவருக்கும் அதில் பிறப்புரிமை உண்டு. அப்பா சின்னம்மாவின் பிள்ளைக்கு எழுதுவது செல்லாது என்று வழக்குப் போட்டிருக்கலாம், அந்தப் பிள்ளை எங்கள் அப்பாவுக்குப் பிறந்ததே இல்லை என்றுகூடச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் லாபம் அவருக்குத்தான். சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்குப் பத்திரத்தின் சங்கதியெல்லாம் தெரியும் என்று சட்டம் தானாக எடுத்துக்கொள்ளாது என்பது உண்மை. ஆனால் பின்னால் தகராறு வரக்கூடாது என்று மூத்த மகனைக் கூப்பிட்டு சாட்சி போட வைப்பது பத்திரம் எழுதுகிறவர்கள் காலங்காலமாகச் செய்வது. "என் குமாரன்" என்று அப்பா எழுதிய காகிதத்தின் அடியில், தன்னைவிட 35 வயது சிறிய தம்பிக்காக, அவர் பெயரெழுதிக் கொடுத்திருக்கிறார்.

பத்திரத்தின் முன்பக்கங்களை மட்டும்தான் அனுப்பியிருக்கிறீர்கள். பின்பக்கத்தில் சார்பதிவாளர் எழுதிய குறிப்பு இருக்கும். எந்த நாள், யார் தாக்கல் செய்தார், யார் அடையாளம் காட்டினார், ஆபீசில் பதிந்ததா அல்லது தாத்தா படுக்கையில் இருந்ததால் பதிவாளர் வீட்டுக்கு வந்து பதிந்தாரா என்று அதில் தெரியும். அதையும் படம் எடுத்து அனுப்புங்கள். அதற்கு முன்னால், அந்தக் கடைசிப் பக்கத்தை ஒரு நகல் எடுத்துக்கொண்டு உங்கள் அண்ணன் மகன் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். அவருடைய தாத்தாவின் கையெழுத்தை அவர் பார்த்திருக்கிறாரோ என்னவோ.